பதினோராம் மாடியின் மலைக்காவல்

எங்கள் கட்டடத்தில் நெருப்பு மணி அடித்தால் யாரும் இறங்க மாட்டார்கள். ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் இருக்கிற பழைய கட்டடம். யாராவது ரோஸ்ரரில் பாணைக் கருக்கினாலும் அடிக்கும், கீழே தண்ணீர்க் குழாய் கசிந்தாலும் அடிக்கும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் அடிக்கும். கதவைத் திறந்து நடையில் புகை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்பப் போய் ரீவியின் சத்தத்தைக் கூட்டுவார்கள். நானும் அப்போது அப்படித்தான் இருந்தேன்.

ஒரு அக்கா மட்டும் இறங்குவார். பதினோராம் மாடியிலிருந்து படிகளால் இறங்கி வருவார். தோளில் ஒரு பச்சைத் துணிப்பை. அதற்குள் பாஸ்போட், தம்பியின் ஃபைல், போனுக்குச் சார்ஜ் போடுகிற வயர், ஒரு போத்தல் தண்ணீர். வாசலில் நிற்க மாட்டார். தெருவைக் கடந்து, கட்டடம் சரிந்தாலும் தன் மேல் விழாத தூரத்துக்குப் போய்த்தான் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு மாசி மாதம் நான் பால் வாங்கிக்கொண்டு வரும்போது அப்படித் தனியாக நின்றார். பனி முழங்கால் வரை கிடந்தது. உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் லேசில் யாரோடும் கதைக்கிற ஆள் இல்லை. அன்றைக்கு எப்படியோ வாய் வந்துவிட்டது.

"ஏன் அக்கா குளிருக்குள்ள நிக்கிறீங்கள். இது பொய் மணிதானே."

"பொய் மணிக்கு இறங்கினா கால் மட்டும்தான் தம்பி நோகும்," என்றார்.

நானும் பால் பையோடு பக்கத்தில் நின்றேன். தீயணைப்பு வண்டி வந்து, பார்த்து, போன பிறகுதான் இருவரும் உள்ளே போனோம். இது நடந்து சில வருடங்களாகிவிட்டன. இப்போது அவர் விட்பி என்கிற ஊரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார் என்று கேள்வி. மணி அடிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வருகிறது.

விடிய ஐந்து மணிக்குக் கட்டடத்தின் பின்பக்கம் ஒரு வெள்ளை வான் வந்து நிற்கும். பிறம்ரனில் இருந்த ஒரு சவர்க்காரத் தொழிற்சாலைக்கு எங்களை ஏற்றிப் போகிற வான். ஓட்டுகிறவர் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணை. நான் கடைசிச் சீற்றில் இருப்பேன். கதைக்கத் தெரியாதவனுக்கு அதுதான் வசதி. பனிக்குள் நின்ற அந்த நாளுக்குப் பிறகு அக்காவும் பின்னுக்கு வந்து என் பக்கத்தில் இருக்கத் தொடங்கினார்.

"நீர் கதைக்க மாட்டீர். எனக்கு அதுதான் வேணும்," என்றார்.

அவர் மடியில் போன் இருந்தது. போனில் ஒரு மலை. முதலில் படம் என்றுதான் நினைத்தேன். பிறகு முகில் அசைந்தது.

"இது கமராவில இப்ப நடக்கிறது தம்பி. இந்தோனேசியா. அங்க பின்னேரம். உந்த நுனியில புகையிறது தெரியுதே?"

அது எரிமலை. அதன் அடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில் அவருடைய தம்பி இருந்தான். அக்கா அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சின்னவன் என்பார். அவரிலும் எட்டு வயது இளையவன். அவுஸ்திரேலியாவுக்கென்று படகில் வெளிக்கிட்டவனை இடையில் பிடித்து இந்தோனேசியாவில் இறக்கிவிட்டார்கள். அகதி என்று ஒரு அட்டை கொடுத்து, இன்னும் பல நாட்டு ஆட்களோடு ஒரு விடுதியில் தங்க வைத்தார்கள். வேலை செய்யக் கூடாது. அந்த ஊரைவிட்டு வெளியே போவதென்றால் கடிதம் வேண்டும். அப்படியே பத்து வருடம்.

அக்கா இங்கே பொறுப்பு நிற்க ஐந்து பேரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கி, அவனைக் கனடாவுக்கு எடுக்க மனுப் போட்டிருந்தார். அவனுக்கு மெடிக்கல் எடுத்தார்கள். ஃபைல் நகர முன்னம் மெடிக்கல் காலாவதியானது. திரும்ப எடுத்தார்கள். அதுவும் காலாவதியானது. ஐந்து கையெழுத்தில் ஒன்று என்னுடையது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. அக்கா விரல் வைத்துக் காட்டிய இடத்தில் போட்டேன்.

அந்த மலையைப் பார்ப்பதற்கென்றே அங்கே ஒரு காவல் நிலையம் இருந்தது. அங்கிருப்பவர்கள் ஒரு நாளில் பல முறை எழுதிப் போடுவார்கள். எத்தனை தரம் குலுங்கியது, புகை என்ன நிறம், எந்தப் பக்கம் சாய்ந்தது என்று. அதை வாசிப்பதற்காக அக்கா அந்த நாட்டுப் பாஷையில் கொஞ்சச் சொற்கள் பழகியிருந்தார். மழை, சாம்பல், ஆறு. 'கபுட்' என்றால் பனிப்புகார். அநேகமான நாட்களில் அறிக்கையில் அந்தச் சொல்தான் இருக்கும்.

"கபுட் எண்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது," என்பார். "தெரியிற மலைக்கு நான் பயப்பிடேல்லை."

அபாயத்துக்கு நாலு படி வைத்திருந்தார்கள். ஒன்று சும்மா. இரண்டு கவனம். மூன்று ஆயத்தம். நாலு என்றால் சனம் வெளிக்கிட வேண்டும். நான் வானில் ஏறிய காலம் முழுக்க அந்த மலை மூன்றில்தான் நின்றது. ஆயத்தமாக இரு என்று ஒருவனுக்குச் சொல்லிவிட்டு, நீ எங்கேயும் போகக் கூடாது என்றும் சொன்னால் அவன் என்ன செய்வான் என்று அக்கா கேட்பார். விடுதியை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி எழுதிக்கொண்டேயிருந்தார். விடுதி ஆபத்து வட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறது என்று பதில் வந்தது. அது உண்மைதான். வரைபடத்தில் சிவப்பு வட்டத்துக்கு வெளியே விரல் அகலத் தூரத்தில் இருந்தது.

அண்ணை ஒவ்வொரு நாளும் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக் கேட்பார். "பிள்ளை, ஆள் இண்டைக்கு என்ன செய்யிறார்?"

"முகில் போத்துக்கொண்டு படுத்திருக்கிறார் அண்ணை."

"இஞ்ச ரொறன்ரோவில ஒரு புட்டி, ஒரு மேடு கூட இல்லை. நீ எரிமலைக்குக் காவல் இருக்கிறாய். உனக்குச் சம்பளம் அவங்களெல்லோ தரவேணும்."

வானில் இருந்தவர்கள் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பார். ஆனால் கண் போனில்தான் இருக்கும்.

அக்கா எங்கே போனாலும் முதலில் வெளியே போகிற வழியைத்தான் பார்ப்பார். தொழிற்சாலையில் முதல் நாளே எத்தனை கதவு, எது பூட்டியிருக்கிறது என்று எண்ணி வைத்திருந்தார். ஒரு கதவுக்கு முன்னால் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் தானே நின்று இழுத்து அகற்றினார். தெருவில் ஐஸ் கிடந்தால் பின்னால் வருகிற முன்பின் தெரியாத ஆளுக்கும் சொல்வார். பொங்கல் அன்றைக்குத் தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் பொங்கல் பகிர்ந்தபோது கூட அவருக்கு மலைதான் வந்தது.

"பானை பொங்கினா எந்தப் பக்கத்தால வழியும் தம்பி?"

"சரிஞ்ச பக்கத்தால."

"அதுதான். மலை வெடிச்சா வாற உந்தச் சூட்டுமுகில் மேலுக்கு எழும்புற புகை இல்லை. பாரமானது. ஆறு, வாய்க்கால், பள்ளம் பாத்து நிலத்தோட உருண்டு வரும். கார் ஓடித் தப்பேலாது. மேட்டில நிண்டவன் சில நேரம் தப்புவான். பள்ளத்தில இருந்தவன் இல்லை."

இதைச் சின்னவனுக்கும் எத்தனையோ தரம் சொன்னார். ஏனென்றால் அவருக்கு ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்தின் கதையை ஒருநாள் வானில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

யாழ்ப்பாணத்தில் ஷெல் அடித்த காலம். அவருக்குப் பதினைந்து வயது, சின்னவனுக்கு ஏழு. தாய் ஆஸ்பத்திரியில், தகப்பன் இல்லை. அவனை உயிரோடு வைத்திருப்பது அக்காவின் பொறுப்பு. வளவுக்குள் பதுங்குகிற பள்ளமாக ஒரு கிடங்கு வெட்டியிருந்தார்கள். சத்தம் கேட்டதும் சின்னவன் பயந்துபோய் நின்ற இடத்திலேயே நிற்பான். அதனால் அக்கா ஒரு பழக்கம் பழக்கினார். அவன் விளையாடிக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் பானை மூடியில் அகப்பையால் தட்டுவார். தட்டின உடனே அவன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பள்ளத்துக்குள் விழ வேண்டும். விழுந்து, காதைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும். சரியாகச் செய்தால் ஒரு துண்டு பனங்கட்டி.

"யோசிக்கப்படாது எண்டு சொன்னனான். யோசிச்சா நேரம் போயிடும். ஒரு மாதத்தில ஆள் பந்தைக் காத்தில விட்டிட்டு விழுவான். பந்து நிலத்தில படமுதல் இவன் கிடங்குக்குள்ள."

அந்தப் பழக்கம் இரண்டு தரம் அவன் உயிரைக் காப்பாற்றியது. பெரியவனான பிறகும் விடவில்லை. படகில் வெளிக்கிடுவதற்கு முதல் கொழும்பில் ஒரு லொறியின் ரயர் வெடித்தபோது, இருபத்தேழு வயது ஆண்பிள்ளை தெருவோரச் சாக்கடைக் கானுக்குள் பாய்ந்துவிட்டானாம்.

இப்போது அக்கா அதை மாற்ற வேண்டும். பள்ளத்தில் விழப் பழக்கியவனை மேட்டுக்கு ஏறப் பழக்க வேண்டும். அதுவும் போனில்.

வானில் போகும்போது அங்கே பின்னேரம், சின்னவன் விழித்திருக்கிற நேரம். அக்கா சாப்பாட்டுப் பெட்டியின் வெள்ளி மூடியைக் கழற்றி, போனுக்குப் பக்கத்தில் பிடித்து, கரண்டியால் தட்டுவார்.

"சின்னவன். சத்தம் கேட்டுது. என்ன செய்வாய்?"

"ஏறிட்டன் அக்கா, ஏறிட்டன்," என்று போனுக்குள் இருந்து குரல் வரும். "மரத்தின்ர உச்சியில நிக்கிறன். இஞ்சயிருந்து உன்னைத் தெரியுது."

"டேய், விசர்க் கதை கதையாதை. கட்டில்லதானே கிடக்கிறாய்?"

"ஓம். ஆனால் ரெண்டு தலகணி வைச்சு மேட்டிலதான் கிடக்கிறன்."

வான் முழுக்கச் சிரிக்கும். அண்ணை வானை ஓட்ட முடியாமல் சிரிப்பார். சின்னவனுக்கு எங்கள் எல்லோரையும் குரலால் தெரியும். "பின்சீற் அண்ணை இருக்கிறாரோ, இண்டைக்காவது வாய் திறந்தவரோ" என்று என்னையும் விசாரிப்பான். ஒருமுறை அவன் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "அக்கா, இஞ்ச கீழ இருக்கிற எனக்கு மலை தெரியிறேல்லை, ஒரே முகில். அங்க இருக்கிற உனக்குத்தான் தெரியுது. அப்ப ஆருக்கு மலை கிட்ட?"

தொழிற்சாலையில் லைனில் நிற்பவர்கள் போன் வைத்திருக்கக் கூடாது. நான் நிலம் கூட்டுகிற மெஷின் தள்ளுகிறவன். என் சட்டைப்பையை யாரும் பார்ப்பதில்லை. அதனால் காலை ஆறு மணியிலிருந்து சாப்பாட்டு நேரம் வரை அக்காவின் போன் என்னிடம் இருக்கும்.

"நீர் வாசிக்க வேண்டாம். கோட்டை மட்டும் பாரும்," என்றார்.

மலையின் நடுக்கத்தை ஒரு ஊசி கோடாகக் கீறிக்கொண்டே போகும். அது போனில் வரும். தலைமயிர் மாதிரி மெல்லிசாக இருந்தால் ஆள் நித்திரை. அங்கங்கே முள் மாதிரிக் குத்தினால் உள்ளே ஏதோ உடைகிறது. கோடு தடித்து, தடித்தது மெலியாமல் இருந்தால் ஓடி வந்து சொல்ல வேண்டும். ஆங்கிலமும் அந்தப் பாஷையும் தெரியாத நான் அந்தக் கோட்டை வாசிக்கப் பழகினேன். என் வாழ்க்கையில் ஒருவர் என்னை நம்பித் தந்த பெரிய வேலை அதுதான்.

ஒருநாள் கோடு சட்டென்று தடித்தது. மெலியவில்லை. நான் மெஷினை விட்டுவிட்டு லைனுக்குப் போனேன். நாற்பது பேர் நிற்கிற இடம். சூப்பவைசர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூணுக்குப் பக்கத்தில் நின்று தயங்கினேன். ஒரு நிமிடமோ இரண்டோ. பிறகு போய் அக்காவின் தோளைத் தொட்டேன். அவர் கையுறையைக் கழற்றியபடியே கதவுக்கு வெளியே ஓடினார்.

அது வேறெங்கோ தூரத்தில் கடலுக்கடியில் வந்த நிலநடுக்கம். அதன் அதிர்வு அந்த ஊசியிலும் பட்டிருக்கிறது. மலை சும்மா இருந்தது. சூப்பவைசர் அக்காவை ஏசினார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

திரும்பிப் போகிற வானில் அக்கா சொன்னார். "நீர் தூணடியில நிண்டதைப் பாத்தனான். பிழையா வந்து சொன்னா நான் ஒருநாளும் சிரிக்க மாட்டன் தம்பி. இனி நிக்காதையும்."

அதற்குப் பிறகு நான் தயங்கியதில்லை. மூன்று தரம் பிழையாகப் போய்ச் சொன்னேன். மூன்று தரமும் அக்கா நன்றி சொன்னார்.

சின்னவன் அந்தக் கடைசி வருடத்தில் வேலைக்குப் போகத் தொடங்கினான். களவாகத்தான். மலைச்சரிவில் முட்டைக்கோவாத் தோட்டம் வைத்திருந்த ஒரு கிழவர் அவனையும் விடுதியில் இருந்த இன்னொரு தமிழ்ப் பெடியனையும் கூப்பிட்டிருந்தார். தோட்டம் சிவப்பு வட்டத்துக்கு உள்ளே. அக்கா வரைபடத்தில் அளந்து பார்த்தார். இரண்டு விரல் உள்ளே.

"வேண்டாமெண்டு சொல்லுங்கோவன் அக்கா," என்றேன்.

அவர் போனில் வரைபடத்தை மூடினார். வான் நெடுஞ்சாலையில் ஏறிவிட்டது.

"போன மாதம் அவன் மூண்டு நாள் கட்டிலால எழும்பேல்லை தம்பி. அதுக்கு முந்தி விடுதியில ஒருத்தன் கயித்தில தூங்கிச் செத்தவன். இப்ப கோவாவைப் பற்றிக் கதைக்கிறான். நேற்று ஒரு கோவா நாலு கிலோவாம், குழந்தைப்பிள்ளை மாதிரித் தூக்கிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். எப்படிப் போகாதை எண்டுறது?"

படத்தைக் காட்டினார். மெலிந்த ஒருவன், கோவாவைக் கையில் ஏந்திக்கொண்டு சிரிக்கிறான். அவனை நான் பார்த்தது அந்தப் படத்தில் மட்டும்தான். பின்னால் தோட்டத்தின் ஓரமாக ஒரு வறண்ட வாய்க்கால் தெரிந்தது. அக்கா அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"உதுக்குள்ள மட்டும் இறங்காதை எண்டு சொல்லியிருக்கிறன்," என்றார்.

அது ஆடி மாதம். வான் வெளிக்கிட்டுக் கொஞ்ச நேரம். கிழக்குப் பக்கம் வெளுத்திருந்தது. போனில் மலை இல்லை, கபுட். அக்கா கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கோடு தடித்திருந்தது.

"எவ்வளவு நேரமா?" என்று கேட்டேன்.

"நாலு நிமிசம்."

அப்போதே அவர் அழைத்துவிட்டார். சின்னவன் எடுக்கவில்லை. திரும்ப அழைத்தார். எடுக்கவில்லை. மூன்றாம் தரம் எடுத்தான். தோட்டத்தில் நின்றான்.

"என்னக்கா, மூடி தட்டப் போறியோ?"

"சின்னவன், கேள். பகிடி இல்லை. கையில இருக்கிறதைப் போட்டிட்டு மேட்டுக்கு ஏறு. தோட்டத்துக்கு மேல அந்தத் தேவாலயம் இருக்கெல்லோ, அந்தப் பக்கம். ஆத்துப் பக்கம் போகாதை."

"இஞ்ச ஒண்டும் இல்லையக்கா. முகில்தான்."

"எனக்குத் தெரியுது. ஏறு."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. மற்றப் பெடியனைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடத் தொடங்கினான். போன் கையில் இருந்தபடியால் எல்லாம் கேட்டது. மூச்சு, இலைகள் உரசுகிற சத்தம், மற்றவன் என்னவோ கேட்பது. அண்ணை வானின் ரேடியோவை நிற்பாட்டியிருந்தார். அக்கா "ஏறு, ஏறு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டேயிருந்தார். குழந்தைக்குச் சாப்பாடு தீத்துகிறவர் மாதிரி இருந்தது.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது. பன்னிரண்டு மணி நேர வித்தியாசத்தில் இருக்கிற ஒரு மலை வெடித்த சத்தம், ஒரு போனுக்குள்ளால், எங்கள் வானுக்குள் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். வானில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நான் என்னை அறியாமல் தலையைக் குனிந்து முன்சீற்றுக்குப் பின்னால் பதுங்கியிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது மற்றவர்களும் குனிந்திருந்தார்கள். அக்கா மட்டும் நிமிர்ந்து இருந்தார்.

போனில் ஓடுகிற சத்தம் நின்றுவிட்டது.

"சின்னவன்?"

பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. வாயைத் திறந்து விடுகிற மூச்சு.

"சின்னவன், எங்க நிக்கிறாய்?"

அவன் குரலைத் தாழ்த்தி, கிடங்குக்குள் இருப்பவர்கள் கதைக்கிற மாதிரிச் சொன்னான். "படுத்திட்டன் அக்கா."

"எழும்பு. எழும்பு ராசா. அது ஷெல் இல்லை. எழும்பி மேல ஏறு."

"ஓமக்கா," என்றான்.

அதற்குப் பிறகு போனில் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணை வானை நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தினார். லொறிகள் எங்களைக் கடந்து போகும்போது வான் ஆடியது. அக்கா போனைக் காதில் வைத்தபடியே இருந்தார். அதை எடுக்க எங்களில் யாருக்கும் துணிவு வரவில்லை.

மலையை நாலாம் படிக்கு உயர்த்திய அறிவித்தல் அதற்குப் பிறகுதான் வந்தது.

மற்றப் பெடியன் தப்பிவிட்டான். தேவாலயத்து மேட்டில் நின்றிருக்கிறான். இரண்டு நாள் கழித்து அவன்தான் அழைத்தான். "கையில பிடிச்சு இழுத்துக்கொண்டுதான் அக்கா ஓடினனான். பாதிக்கு மேல ஏறிட்டம். சத்தம் கேட்டவுடன என்ர கையை உதறிப்போட்டுத் திரும்பி வாய்க்காலுக்குள்ள பாஞ்சிட்டான். நான் கூப்பிட்டது கேக்கேல்லை."

அக்கா அவனிடம் ஒன்றுதான் கேட்டாராம். பாய்ந்தபோது கையில் இருந்ததைக் கீழே போட்டானா என்று. போனை மட்டும் போடவில்லை என்று அவன் சொல்லியிருக்கிறான்.

உடல் கிடைக்கவில்லை. வாய்க்காலை மூடிச் சாம்பல் ஒரு வீட்டு உயரத்துக்குக் கிடந்தது, பல நாள் சூடாகவே கிடந்தது. காணாமல் போனவர்களின் பட்டியலில் அவன் பெயர் வரவில்லை. அவன் அங்கே நிற்கக் கூடாதவன். விடுதிக்காரர் அவன் ஓடிவிட்டான் என்று எழுதினார்கள். கனடாவில் அவனுடைய ஃபைலை மூட மரணச் சான்றிதழ் கேட்டார்கள். சான்றிதழுக்கு உடல் வேண்டும். அதனால் ஃபைல் இன்னும் நடந்துகொண்டிருப்பதாகவே கொம்பியூட்டர் காட்டியது. அந்த மார்கழியில் மூன்றாவது மெடிக்கலுக்கு வரும்படி அவனுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள்.

அக்கா நாலாம் நாளே வேலைக்கு வந்தார். அதே பின்சீற். அண்ணை கண்ணாடிக்குள்ளால் பார்ப்பதை விட்டுவிட்டார். சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டு வருவதை மட்டும் நிறுத்திவிட்டார். பாணைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்து சாப்பிட்டார். பெட்டிகளை அடுக்கி மறைத்த கதவைப் பற்றி அதற்குப் பிறகு அவர் கவலைப்படவில்லை. தெருவில் ஐஸ் கிடந்தால் பேசாமல் கடந்து போனார். ஆனால் போன் மடியில் இருந்தது. எனக்குத் தெரியாத பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் ஏழு மணி இருக்கும், நெருப்பு மணி அடித்தது. நான் இறங்கினேன். அந்தப் பனிநாளுக்குப் பிறகு நானும் இறங்குகிறவனாகிவிட்டேன். தெருவைக் கடந்து வழக்கமான இடத்தில் நின்றேன். அக்கா வரவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சமையற்காரரும் ஒரு நாயும் வந்தார்கள். அக்கா வரவில்லை.

நான் யார் வீட்டுக் கதவையும் தட்டுகிறவன் இல்லை. அன்றைக்குப் பதினொரு மாடி ஏறினேன். மணிச் சத்தத்தில் தட்டியது கேட்காதோ என்று பலமாகத் தட்டினேன். அக்கா திறந்தார்.

"மணி அடிக்குது அக்கா."

"கேக்குது. வாரும்."

மேசையில் போன் நிமிர்த்தி வைத்திருந்தது. மலை இல்லை. வேறொரு கமரா. அகலமான ஒரு ஆற்றுப்படுக்கை, முழுக்கச் சாம்பல் நிறம், நடுவில் ஒரு பாலம். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான். மழை பெய்துகொண்டிருந்தது.

"இது ஆத்தைப் பாக்கிறதுக்கு வைச்ச கமரா. மழை பெய்தா மேல கிடக்கிற சாம்பலெல்லாம் சேறாகி இறங்கும். கல்லு, மரம் எல்லாத்தையும் இழுத்துக்கொண்டு வரும். கீழ இருக்கிற சனத்துக்குச் சொல்லத்தான் இது. அந்தத் தோட்டத்து வாய்க்கால் இந்த ஆத்திலதான் வந்து சேருது."

நான் கதிரையில் இருந்தேன். போனில் பழுப்பு நிறத் தண்ணீர் பாலத்தின் தூண்களைச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தது.

"போன கிழமை மழையோட வாய்க்கால் பாதி கழுவுப்பட்டுப் போச்செண்டு அந்தப் பெடியன் சொன்னவன்," என்றார் அக்கா. "இப்ப சின்னவன் இந்தப் பாலத்தடிக்கு வந்திருப்பான். இந்த மாரி நல்லாப் பெய்தா பாலத்தைத் தாண்டுவான். அதுக்குப் பிறகு ஆறு அகலம், தடையில்லை. நேரை தெற்கால போய்க் கடல்ல விழுது."

அவர் விரலால் மேசையில் ஒரு கோடு கீறினார். ஆறு போகிற வழி.

"அந்தக் கடலுக்கு அங்கால அவுஸ்திரேலியா, தம்பி."

நான் பச்சைப் பையைத் தேடினேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். என்ன செய்வதற்கென்று எனக்கே தெரியவில்லை. அக்கா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மணி அடித்துக்கொண்டேயிருந்தது. நாங்கள் இருவரும் இறங்கவில்லை.